மூட்டப் புகையும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்

சாயல்குடி

அன்புள்ள ஜெயா,

கடிதம் கிடைத்தது. அண்ணனும் பிள்ளைகளும் நலம் என்றதில் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்துக்குத்தான் தினமும் சண்டை.

உங்கள் கேஷுவாலிட்டியில் இழுப்போடு வருகிறவர்களுக்கு முதலில் ஸ்பேசர்தான், அதாவது பம்பை மாட்டி மருந்தை இழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாய்தான், என்று எழுதியிருந்தாய். இங்கே வந்து அதைச் சொல்லிப் பார்! எங்கள் ஜனங்களுக்கு மருந்தைப் பனிபோல் ஆக்கித் தரும் நெபுலைசர் மிஷின் வைத்தால்தான் வைத்தியம். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஊர்கள் வேறு, ஓ.பி.யில் இருமல் ஓய்வதில்லை.

போன வாரம் ராத்திரி மூட்ட வேலை பார்க்கும் ஓர் அக்காவைக் கூட்டிவந்தார்கள். பெஞ்சு விளிம்பைப் பிடித்தபடி தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நகமெல்லாம் கரி. விரலை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டியது: 93 சதவீதம். “இந்தப் பம்பை வீட்டிலேயே அடிச்சாச்சு, மிஷினை வைங்க சிஸ்டர்” என்று மகன் ஒரே சத்தம். எப்படி அடித்தாய் என்று கேட்டால், சென்ட் அடிப்பதுபோல் வாய்க்கு வெளியே அடித்துக் காட்டுகிறான்.

ஸ்பேசரில் மாட்டி, குலுக்கி, ஒவ்வொரு பஃப்பாக அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் பஃப்புக்கு 100 மைக்ரோகிராம்; 4 முதல் 10 பஃப் வரை, முதல் ஒரு மணி நேரம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. உனக்குத் தெரிந்ததுதான். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் டாக்டர் உடனே கொடுக்கச் சொன்னார். அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகுமே. இரண்டாவது சுற்று முடிந்ததும் அந்த அக்கா, “அவனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க” என்றாள். முழு வாக்கியம்! எனக்கு அதுவே போதும். அப்புறம் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று மகன் பயந்தான். மருந்தால்தான், அடங்கிவிடும் என்றேன்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசவே முடியாதவர்களுக்கு ஆக்சிஜனில் நெபுலைசர், கூட இப்ராட்ரோப்பியம் என்ற இன்னொரு மூச்சுக்குழாய் மருந்து, அப்படியே 108-ல் ராமநாதபுரம். நெஞ்சில் விசில் சத்தமே கேட்காவிட்டால், காற்றே சரியாகப் போகவில்லையோ என்று இன்னும் பயம். மற்றவர்களுக்கு ஸ்பேசர் எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை, கரண்டும் தேவையில்லை. கேப்டவுனில் பிள்ளைகளுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராக்கிப் பார்த்து, அதுவும் கடைச் சாமானுக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1999-லேயே எழுதிவிட்டார்கள். அதையே அந்த மகனுக்கும் செய்து காட்டினேன். வாயைச் சுற்றிக் காற்று கசியக்கூடாது, அதுதான் முக்கியம்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் உலரவிடுகிறோம். நீங்களும் அப்படித்தானா? பொங்கலுக்கு வந்தால் முன்னாடியே சொல், நெத்திலிக் கருவாடு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
முத்து