பெர்லினில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஹிட்லரை ஒன்றுசேர்ந்து வீழ்த்திய சோவியத் யூனியனும் அமெரிக்கா முதலான மேற்கு நாடுகளும் மூன்றே ஆண்டுகளில் எப்படிப் பகைவர்களானார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ரஷ்யர்களின் அச்சத்தைப் புரிந்துகொள், அம்மா. போரில் ஏறத்தாழ 2.7 கோடி சோவியத் மக்கள் மாண்டார்கள். ஜெர்மனி மறுபடி எழுந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு வெறும் சாக்கு அல்ல. வென்ற நாடுகள் ஜெர்மனியை மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டபோது கிழக்கு மண்டலம் ரஷ்யர்களுக்கு வந்தது; அங்கிருந்த ஆலைகளைக் கழற்றி நஷ்டஈடாகக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் பயம் வேறு. பட்டினி கிடக்கும் ஐரோப்பா கம்யூனிஸ்ட் கட்சிகளின் பக்கம் சாய்ந்துவிடும் என்று நினைத்தார்கள். 1947 மார்ச்சில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு அமெரிக்க அதிபர் ட்ரூமன் பேசியதும், ஜூனில் அவருடைய வெளியுறவு அமைச்சர் மார்ஷல் ஐரோப்பாவை மீட்டெடுக்கும் உதவித் திட்டத்தை முன்வைத்ததும் அதனால்தான். போலந்தையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் அந்தப் பணத்தைத் தொட ஸ்டாலின் விடவில்லை. ஐரோப்பாவின் குறுக்கே ஒரு திரை விழுந்துவிட்டது என்ற சர்ச்சிலின் 'இரும்புத் திரை'ப் பேச்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பிளவு உறுதியானது இங்கேதான் என்பேன் நான்.

1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் டாய்ச் மார்க் என்ற புதிய நாணயம் வந்தது. சோவியத் தரப்பு கிழக்கே தனி நாணயத்தை இறக்கியது. பெர்லின் நகரம் சோவியத் மண்டலத்தின் நடுவே இருந்தது; அதன் மேற்குப் பகுதி மட்டும் மேற்கு நாடுகளின் கையில். ஜூன் 24 அன்று அந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்தது. உள்ளே 20 லட்சம் பேர்!

சாலையில் போய்வரும் உரிமையை மேற்கு நாடுகள் எழுத்தில் வாங்கி வைத்திருக்கவில்லை. மூன்று வான்வழிகளுக்கு மட்டும் 1945 நவம்பரில் எழுத்துப்பூர்வ உடன்பாடு இருந்தது. அந்த உடன்பாடுதான் நகரத்தைக் காப்பாற்றியது. விமானத்தைச் சுட்டால் போர் மூளும் என்பது ஸ்டாலினுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் குண்டு போட்ட நாடுகளின் விமானங்கள் மாவும் பால்பவுடரும் சுமந்து வந்தன. 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களில் சுமார் 23 லட்சம் டன் சரக்கு வந்திறங்கியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. அங்கே டேகல் என்ற இடத்தில் புதிய விமான ஓடுதளத்தை இடிபாட்டுக் கற்களைக் கொட்டி மூன்றே மாதத்தில் போட்டார்கள். வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். கிழக்கில் பதிந்துகொண்டால் ரேஷன் தருகிறோம் என்று சோவியத் தரப்பு அழைத்தும் சிலரே போனார்கள்.

ரஷ்யர்களின் அச்சம் நியாயம்தான். குளிர்காலத்தில் ஒரு நகரத்தின் கரியை நிறுத்தியதை அதைக் காட்டி என்னால் நியாயப்படுத்த முடியாது.

1949 மே 12 அன்று தடை நீங்கியது. அதற்குள் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ உருவாகிவிட்டது. அதே மே மாதம் மேற்கு ஜெர்மனி, அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி என ஒரு நாடு இரண்டானது. இடையே ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டும் வெடித்தது. பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கோட்டின் இருபுறமும்தான்.

உன் குடியிருப்பில் எண்பதைக் கடந்தவர்கள் யாராவது இருப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் கரியை எப்படிப் பங்கிட்டார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா