கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வேதாகம மொழிபெயர்ப்பு வரலாற்றுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரேக்கத்திலிருந்து நேரே லத்தீனுக்குத் தாவிவிட்டது. யூதர்களே தங்கள் வேதத்தை அரமேய மொழியில் சொல்லிவந்த தார்கும்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் யூத மக்களின் பேச்சில் அரமேயம் ஊன்றிவிட்டது. ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, எபிரெயத்தில் வாசிக்கும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று அரமேயத்தில் சொல்வார். மெதுர்கெமான் என்று அவருக்குப் பெயர். தோராவில் ஒவ்வொரு வசனமாகத்தான் அவருக்கு வாசித்துக் கொடுக்க வேண்டும். தீர்க்கதரிசிகளின் நூல்களில் மூன்று வசனம் வரை போகலாம் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அவர் ஏட்டைப் பார்க்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். தடுமாறினால் வாசிப்பவர் அடியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால், அந்த அரமேயமும் தோராவில் எழுதியிருக்கிறது என்று மக்கள் நினைத்துவிடுவார்களாம்! மூலத்தின் மேல் இவ்வளவு பயபக்தி வைத்து மொழிபெயர்த்தவர்களை எப்படி விட முடிகிறது?

அதற்காக அவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள் என்றும் இல்லை. "வெள்ளாட்டுக்குட்டியை அதின் தாயின் பாலிலே சமைக்கவேண்டாம்" என்ற யாத்திராகமக் கட்டளை, ஓங்கெலோஸ் என்பவர் பெயரில் வழங்கும் தோராத் தார்குமில் இறைச்சியைப் பாலோடு உண்ணாதிருங்கள் என்று வருகிறது. மூப்பர்கள் தேவனைத் தரிசித்தார்கள் என்ற இடத்தில், தேவனுடைய மகிமையைக் கண்டார்கள் என்று இருக்கிறது. வசனத்தை அப்படியே பெயர்ப்பவன் பொய்யன், கூட்டிச் சொல்பவன் தேவதூஷணம் செய்பவன் என்று ரபி யெகூதா சொன்னதாக, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் கூறுகிறது. மொழிபெயர்ப்பவர் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை.

1956இல் சாக்கடலோரக் கும்ரானின் 11ஆம் குகையில் யோபு நூலின் தார்கும் சுருள் கிடைத்தது. அதே ஆண்டில், வத்திக்கான் நூலகத்தில் ஓங்கெலோஸ் என்று தவறாகப் பதிவாகிக் கிடந்த கையெழுத்துப் பிரதி பாலஸ்தீன மரபின் முழுத் தார்கும் என்பதை ஸ்பானிய அறிஞர் அலெஹாந்திரோ தியெஸ் மாச்சோ வெளிப்படுத்தினார். நியோஃபிதி எனப்படும் அதை 1504இல் ரோமில் படியெடுத்திருக்கிறார்கள்.

இந்த அரமேயம் நமக்கும் புதிதல்ல. சிலுவையில் இயேசு சொன்ன "லாமா சபக்தானி" (ஏன் என்னைக் கைவிட்டீர்) நம் வாசகர்கள் பலருக்கு மனப்பாடம். 22ஆம் சங்கீதத்தின் எபிரெயத்தில் 'கைவிட்டீர்' என்ற இடத்தில் இருப்பது 'அசப்தானி'. 'சபக்தானி' அரமேயம்.

ஏமனைப் பூர்வீகமாகக் கொண்ட யூதர்களின் ஜெப ஆலயங்களில் இன்றும் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஓங்கெலோஸ் வாசிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு சிறுவன்தான் வாசிப்பான். தார்கும்களுக்கென்று தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை