பிளாட்ஃபாரத்தின் இரண்டு முனையிலும் நிழல் கேட்டு நான்காம் முறையாக மனு

அனுப்புநர்:
ஸ்டேஷன் ரோடு குடியிருப்போர் மற்றும் தினசரி ரயில் பயணிகள்

பெறுநர்:
உயர்திரு கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்

பொருள்: நம் ஊர் ரயில் நிலையத்தில் முன்பதிவில்லாப் பெட்டிகள் வந்து நிற்கும் இடங்களில் கூரை அமைக்கக் கோருதல் – முந்தைய மூன்று மனுக்களுக்கும் நடவடிக்கை இல்லாதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மனுவை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்தோம். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவதை எங்கள் தெருப் பையன் ஒருவன் செல்போன் செயலியில் ஏற்றினான். அதற்கு மட்டும் மூன்றே நாளில் பதில் வந்துவிட்டது, "புகார் தீர்க்கப்பட்டது" என்று. எங்கே தீர்ந்தது என்று நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். அதே வெயில்தான் ஐயா.

தாங்கள் நம் ஸ்டேஷனை அறியாதவர் அல்ல. ஆய்வுக்கு வந்தபோது புது முகப்பைப் பார்த்தீர்கள், டிக்கெட் கவுண்டரைப் பார்த்தீர்கள், மேம்பாலத்தில் ஏறி இறங்கினீர்கள். ஆனால் வந்தது காலை ஏழரைக்கு. வெயில் ஏறுவதற்குள் தங்கள் ஆய்வுப் பெட்டி கிளம்பிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் கஷ்டம் தங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான் என்று சொல்கிறோம். எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்:

1. மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதை இருந்த காலத்தில் இந்த ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும், பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. சீமை ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், அதை ஒட்டி அகலமான தாழ்வாரம், பிளாட்ஃபாரத்தில் ஒரு வேம்பு, வேலி ஓரமாக முனைக்கு ஒன்றாக இரண்டு தூங்குமூஞ்சி மரம். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை. ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், பாயிண்ட்ஸ்மேன் அதை அடித்தால் ரயில் முந்தைய ஸ்டேஷனை விட்டுவிட்டது என்று அர்த்தம், அதுவரை ஒருவரும் மரத்தடியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்புறம் கைகாட்டி இறங்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக நடந்தால் போதும். கவுண்டரில் அட்டை டிக்கெட்டை மெஷினில் செருகி 'டக்' என்று தேதி குத்தித் தருவார்கள், அந்தச் சத்தம் மரத்தடி வரை கேட்கும். மற்றபடி வசதி என்று ஒன்றும் கிடையாது, கழிப்பறை பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனால் நிழல் இருந்தது.

2. 1992-ல், ரயில் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் யூனிகேஜ் திட்டம் வந்து, அது நம் பக்கம் எட்டிப் பார்க்கப் பல வருடம் ஆகி, ஒருவழியாக 1,000 மில்லிமீட்டர் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் ஆனது. பாதை மூடிக் கிடந்த நாட்களில் பஸ்ஸில் நசுங்கிப் போய்வந்த கதை வேறு, அதை விட்டுவிடுகிறோம். புதுப் பாதைக்குத் தகுந்தபடி பிளாட்ஃபாரத்தைத் தூக்கினார்கள். தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பது விதி, சரி, அது நல்ல விதிதான், முன்பெல்லாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தொங்கி ஏறிய பாட்டிமார்கள் இன்று தானாக ஏறுகிறார்கள், அதற்கு எங்கள் நன்றி. ஆனால் பிளாட்ஃபாரம் உயர்ந்ததே தவிரக் கட்டடம் உயரவில்லை. தாழ்வாரம் பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை பெய்தால் டிக்கெட் கவுண்டருக்குத் தண்ணீர் முதலில் வரும், பயணிகள் அப்புறம். கடைசியில் தண்ணீர் நிற்கிறது என்பதையே காரணமாகச் சொல்லி ஓட்டுக் கட்டடத்தை இடித்தார்கள். இப்போது இருப்பது பெட்டி மாதிரி ஒரு கான்கிரீட் கட்டடம். தாழ்வாரம் கிடையாது. சன்ஷேடு ஒன்றரை அடி, அது சுவருக்குத்தான் நிழல் தரும்.

3. அடுத்து மின்மயம். 25,000 வோல்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் கிளை இருக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், வேம்பை வெட்டியபோது நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் வேலி ஓரம் இருந்தன, தண்டவாளப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்தால் போதாதா என்று கேட்டோம். கேட்டுக்கொண்டு நிற்கும்போதே ரம்பம் ஓடியது. ஒரு பகல்தான், இரண்டு மரமும் அடியோடு போயின. பதிலுக்குப் பத்து மரக்கன்று நடுவோம் என்றார்கள். வந்தது தொட்டியில் குரோட்டன்ஸ் செடி, அதுவும் தங்கள் ஆய்வுக்கு முந்தின நாள். ஆய்வு முடிந்த மறுநாள் தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்து ஆய்வு நடக்கும் ஊருக்காக இருக்கலாம்.

4. 2023 ஆகஸ்ட் 6 அன்று ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க 508 நிலையங்களுக்கு ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள், தமிழ்நாட்டில் 18. அதில் நம் ஊர் இல்லை. ஆனால் அந்த மோஸ்தர் மட்டும் இங்கேயும் வந்துவிட்டது. வாசலில் கோயில் கோபுரமும் இல்லாமல் கல்யாண மண்டபமும் இல்லாமல் ஒரு வளைவு, ராத்திரியில் பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் மாறும் விளக்கு, சுவரில் மயில் படம். வளைவின் கீழ் நிழல் விழுகிறது, உண்மைதான். அங்கே ரயில் வருவதில்லை.

5. இதுதான் முக்கியம், மற்றதைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் தயவுசெய்து படியுங்கள்.

பிளாட்ஃபாரத்தில் கூரை இருப்பது இரண்டே இடத்தில், இரண்டும் நடுவில். நான் காலால் அளந்து பார்த்தேன், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 80 மீட்டர். எல்.எச்.பி. என்கிற புது மாதிரி ரயில் பெட்டி ஒன்று கிட்டத்தட்ட 24 மீட்டர் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. மதியம் வரும் ரயிலுக்கு 18 பெட்டி, அதாவது எஞ்சின் நீங்கலாகவே 430 மீட்டர். ஆக மூன்று பெட்டிக்கு நிழல், பதினைந்து பெட்டிக்கு வெயில். அந்த மூன்று பெட்டி எவை? ஏசி பெட்டி இரண்டும் ஸ்லீப்பர் ஒன்றும். நம் ஊரில் ஏசியில் ஏறுபவர்கள் தினம் நாலைந்து பேர் இருப்பார்கள். ஜெனரல் பெட்டிகள் ரயிலின் தலையிலும் வாலிலும். கூட்டம் முழுக்க அங்கேதான். பூக்கூடைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் காட்டப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் வெட்டவெளியில் நிற்கிறார்கள். ஏசியில் போகிறவர் ஏறுகிற வரைக்கும் நிழலில் இருக்கிறார், வெயிலில் போகிறவர் ஏறுவதற்கு முன்பே வெயிலில் காய்கிறார். யார் போட்ட கணக்கு ஐயா இது?

நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயில் வந்ததும் நடந்து போகலாமே என்று பொறியாளர் ஒருவர் சொன்னார். நல்ல யோசனை. ரயில் இங்கே நிற்பது ஒரு நிமிடம். கூரையிலிருந்து கிழக்கு முனைக்கு நூற்றைம்பது மீட்டருக்கு மேல், தலையில் கூடை, இடுப்பில் குழந்தை. ஓடச் சொல்கிறாரா? ஓடினார்கள். போன பங்குனியில் ஓடிய ஒரு பெரியம்மா ஜல்லி மூட்டை தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், ரயிலும் போய்விட்டது. அதனால் இப்போது எல்லாரும் அரை மணி முன்பே போய் முனையில் நின்றுவிடுகிறார்கள். அரை மணி என்பது ரயில் நேரத்துக்கு வந்தால். வராத நாளில் ஒன்றரை மணி.

எப்படி நிற்கிறார்கள் தெரியுமா? கிழக்கு முனையில் மூன்று விளக்குக் கம்பம் இருக்கிறது. கம்பத்தின் நிழல் ஒரு ஜாண் அகலம் இருக்கும். அந்த ஒரு ஜாணுக்குள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்கிறார்கள், நிழல் நகர நகர வரிசையும் நகர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ரேஷன் கடை வரிசை மாதிரி தெரியும். உச்சி வெயிலில் அந்தக் கோடும் கம்பத்தடிக்குள் சுருங்கிவிடும், அப்போது முந்தானை, துண்டு, ஸ்கூல் பை, எக்ஸ்ரே கவர் என்று கையில் இருப்பது தலைக்கு ஏறும். எக்ஸ்ரே கவரைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரை நானே என் குடைக்குள் அழைத்துக்கொண்டேன். அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே.

உட்கார இடம் இல்லையா என்றால் இருக்கிறது. பளபளவென்று எவர்சில்வர் பெஞ்சு ஆறு போட்டிருக்கிறார்கள், கூரை இல்லாத இடத்தில். சித்திரை மாதம் மதியம் ஒரு மணிக்கு அந்தப் பெஞ்சில் தாங்களோ தங்கள் பொறியாளரோ ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து காட்டினால் இந்த மனுவை நாங்களே வாபஸ் வாங்கிக்கொள்கிறோம். தோசைக்கல்லில் உட்காருவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும், ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

வளைவுத் திறப்பு விழா அன்று மட்டும் கிழக்கு முனை வரைக்கும் சாமியானா போட்டிருந்தார்கள். அன்றைக்கு நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "இதை இப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்". சாயங்காலம் அவிழ்த்துவிட்டார்கள். வாடகைச் சாமியானா.

6. மழைக்காலத்தைப் பற்றித் தனியாக எழுத இருந்தோம். மேலே வெயில் என்று எழுதிய இடத்திலெல்லாம் மழை என்று படித்துக்கொள்ளவும்.

7. மேற்கு முனைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை.

8. ஸ்டேஷன் பெயர்ப் பலகையை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், மஞ்சள் பளிச்சென்று, மூன்று மொழியில், கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதி. அந்தப் பலகையின் பின்பக்கம் சாயங்காலம் நாலு பேருக்கு நிழல் தருகிறது. மூத்தவர்களுக்கு விட்டுக்கொடுப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

ஐயா, நாங்கள் கேட்பது லிஃப்ட் இல்லை, நகரும் படிக்கட்டு இல்லை, பழைய ஓட்டுக் கட்டடத்தைத் திரும்பக் கட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. ஜெனரல் பெட்டிகள் நிற்கிற இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பெட்டி நீளத்துக்கு, அதாவது பக்கத்துக்கு 50 மீட்டர், இரும்புத் தூண் நட்டு ஷீட் போட்டுத் தாருங்கள். அதற்கு நிதி ஒதுக்க நாளாகும் என்றால் அதுவரைக்கும் வேலி ஓரமாக, கம்பிக்கு எட்டாத இடத்தில், ஒரு தகரக் கொட்டகை. அதுவும் முடியாது என்றால் தூங்குமூஞ்சி மரம் நின்ற அதே இடத்தில் கன்று வைக்க எங்களுக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள், கன்று எங்களுடையது, தண்ணீரும் நாங்களே ஊற்றிக்கொள்கிறோம், தண்டவாளப் பக்கத்துக் கிளையை வருடா வருடம் கழித்தும் தருகிறோம். மூன்றில் ஏதாவது ஒன்று. வெயில் காலம் தொடங்குவதற்கு முன்னால்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது தயவுசெய்து மதிய ரயிலுக்கு வாருங்கள். ஆய்வுப் பெட்டியில் வேண்டாம், ஜெனரல் பெட்டியில் வந்து கிழக்கு முனையில் இறங்குங்கள். நாங்கள் கம்பத்துப் பக்கம்தான் நிற்போம், தங்களுக்கும் வரிசையில் ஒரு இடம் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஸ்டேஷன் ரோடு குடியிருப்போர், பயணிகள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள் நான்கு, முந்தைய மூன்று மனுக்களின் நகல், பதிவுத் தபால் ஒப்புகை அட்டை நகல்.

குறிப்பு: பதிலைத் தபாலில் அனுப்பவும். செயலியில் வேண்டாம்.