பதக்கத்தின் பின்பக்கம்

அன்புள்ள மகள் யாழினிக்கு,

டாக்டர் மேரி வர்கீஸ் நினைவாக உன் மருத்துவ நண்பர்கள் வெளியிடப்போகும் பதக்கத்திற்கு நீ வரைந்த படங்கள் வந்து சேர்ந்தன. முகம் நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் கன்னம் இவ்வளவு வழவழப்பாக இருக்கக் கூடாதம்மா. 1954இல் நடந்த வாகன விபத்து அவருடைய முதுகுத்தண்டை மட்டுமா சிதைத்தது? முகத்தையும் கிழித்தது. அழகுக்காக அந்தத் தழும்பை அழித்துவிடாதே.

பின்பக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெறும் சக்கர நாற்காலி! அந்தப் படம் கழிப்பறைக் கதவில்கூட இருக்கிறது. அதில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதல்லவா தெரிய வேண்டும்?

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் செய்துவந்தார். கால்கள் செயலிழந்த மேரி வர்கீஸ், நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுச் செய்தார். நன்றாக இயங்கும் தசையொன்றை எலும்போடு பிணைக்கும் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைப்பார்கள். கட்டைப் பிரித்த உடனே கை வேலை செய்துவிடாது. வேறு அசைவுக்குப் பழகிய தசை அது. அதற்குப் புதிதாகப் பாடம் நடத்த வேண்டும். டம்ளரைப் பிடிக்கவும் பொத்தான் போடவும் வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும். நோயாளிக்கே அலுத்துப்போகும்.

கத்தியைக் கீழே வைத்ததும் தன் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயிற்சியின் பக்கமே போனார். நீ இருக்கும் பெர்த் நகரில்தான் முதலில் தானே நோயாளியாகப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பிவந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) அந்தத் துறைக்கு முதல் தலைவரானார். 1966இல், உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் வந்தது. 1972இல் கிடைத்த பத்மஸ்ரீயை ஓரத்தில் பொறிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

ஆகவே பின்பக்கத்தில் ஒரு கையை வரை. டம்ளரைச் சுற்றி விரல்கள் மடங்கட்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் நிற்கட்டும், இல்லாவிட்டால் அது பிடியே அல்ல. வலுவிழந்த கால்களைத் தாங்கும் காலிப்பருக்குக் கம்பி வளைத்தே காலம் தள்ளியவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: மெல்லிய கோடுகள் உலோகத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். விரல்களுக்கிடையே தாராளமாக இடம் விடு. அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திய படத்தை அனுப்பு.

அன்புடன்,
அப்பா