பூண்டுக்குப் பெயர் வந்தது, விலை?

ஐயா,

வறுமையைக் குறைக்க மானியம் மட்டும் போதாது, சந்தையையும் ஏழைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். சரிதான். ஆனால் காத்திருந்து விற்க வழியில்லாதவனுக்குச் சந்தை திறந்திருந்தும் பயனில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்தது. ஆனாலும் விலை எங்கள் கையில் இல்லை. அரை ஏக்கரில் பூண்டு போடும் நான், போன அறுவடையில் விதைக்கு வாங்கிய கடனை அடைக்க, மூட்டைகளை மலையடிவாரத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு இறக்கி, அன்றைக்குச் சொன்ன விலைக்கே தள்ளிவிட்டு வந்தேன். புகை காட்டிப் பரணில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாத சரக்கு அது!

மேல்மலைக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கம் மூலம் ஒரு கிட்டங்கி கட்டி, இருப்பு வைக்கும் பூண்டின் பேரில் ஈட்டுக்கடன் கொடுக்கலாம். அப்புறம் விலையை நாங்களும் பேசுவோம்.

ஒரு பூண்டு விவசாயி,
பூம்பாறை.