தம்பியின் அறுவை சிகிச்சை குறித்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரன் தவழத் தொடங்கிவிட்டான் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால், உன் தம்பி எடை குறைப்பதற்கான இரைப்பை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறான் என்பதையும், ஐந்து ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவனுக்கு இது ஆகுமா என்று நீ உறக்கமின்றித் தவிப்பதையும் படித்தபின் வேறெதிலும் மனம் செல்லவில்லை.

மனச்சோர்வு இருப்பதனாலேயே இந்தச் சிகிச்சை கூடாது என்றாகிவிடாது. 68 வெளியீடுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2016இல் ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை, இந்த அறுவையை நாடுவோரில் சுமார் 19 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுக்கு எடை குறைவாகவே இறங்கும் என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. அறுவைக்குப்பின் சோர்வின் கடுமை தணிந்ததையே அது கண்டது.

அறுவைக்கு முன் செய்யும் மனநல மதிப்பீட்டில் தேறாமல் போய்விடுவோமோ என்று அவன் அஞ்சுவதாக எழுதியிருக்கிறாய். அத்தகைய மதிப்பீடுகளை இத்தனை ஆண்டுகள் செய்துவந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது தேர்வு அன்று. அப்பா போனபிறகு இரவில் தனியே அமர்ந்து வயிறு நிறைந்தபின்னும் உண்டுகொண்டிருப்பான் என்று முன்பு நீதான் எழுதினாய். அதை அவனே அங்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் அவர்களுக்கு உதவுவதுதான் கடினமாகிறது.

என் கவலையெல்லாம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைப் பற்றியது. முதல் ஆண்டில் எடை மளமளவென்று இறங்கும், மூட்டுவலி குறையும், பார்ப்பவர்களெல்லாம் பாராட்டுவார்கள். பிறகு எடை ஓரிடத்தில் நிற்கும், பாராட்டும் ஓயும். பழைய துயரங்கள் மட்டும் அப்படியே இருக்க, அவற்றை ஆற்றிவந்த உணவு அவனுக்கு இராது. கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரை அறுவைக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, தன்னைத்தானே வருத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் பின்னர் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியிருந்தன; பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை, முன்பே மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கே நேர்ந்தவை. அவ்வாறு வந்தவர்கள் மொத்தம் 111 பேர்தான் என்பதால் இதைப் படித்து நீ கலங்க வேண்டாம். ஆயினும் அவனைப் போன்றவர்களைத் தனியே விடலாகாது. குடியும் அப்படித்தான். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடாக இருந்த மதுச் சிக்கல் இரண்டாம் ஆண்டில் 9.6 ஆனது. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு மது இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று. பைபாஸுக்குப்பின் குடல் மருந்தை உறிஞ்சும் விதம் மாறுவதால், முதல் சில வாரங்களில் மனச்சோர்வு மருந்தின் அளவு இரத்தத்தில் குறையக்கூடும். ஆகவே நாள் நெருங்குமுன் மனநல மருத்துவரிடம் அவன் தெரிவித்தாக வேண்டும். எடை இறங்கிய உற்சாகத்தில் தானாக மருந்தை நிறுத்தவே கூடாது. வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வு தட்டும் என்பதால், இரத்தப் பரிசோதனைகளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்.

அவனுக்குச் செய்யவிருப்பது பைபாஸா, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவா? எந்த மாத்திரையை எவ்வளவு எடுக்கிறான்? இரண்டையும் கேட்டு உடனே எழுது.

என்றும் உன்,
பழைய விடுதித் தோழி