தம்பிக்கு, தொட்டிகளைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது சிக்னல் சரியில்லை என்று பால்கனிக்குப் போனாய் அல்லவா, அப்போது ஒரு அரை நிமிடம் தொட்டிகள் தெரிந்தன. அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டான், இளைத்துவிட்டான் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தொட்டிகளைத்தான் பார்த்தேன்.

தக்காளி காய்ந்து குச்சியாக நிற்கிறது. அது போகட்டும், அதற்கு ஆயுள் அவ்வளவுதான். மிளகாயின் கணுக்களில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்ததே, அது மாவுப்பூச்சியாகத்தான் இருக்கும். அந்தத் தொட்டியை முதலில் மற்றதிலிருந்து தள்ளி வை. ஈரத்துணியால் கணுக்களைத் துடைத்து எடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதோடு சில சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு போடாவிட்டால் எண்ணெய் தனியாக மேலே மிதக்கும். நன்றாகக் குலுக்கி, சாயங்காலம், இலையின் அடிப்பக்கத்திலும் படும்படி தெளி. வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு தடவையோடு விட்டுவிடாதே, வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் தெளிக்க வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு "பார்த்துக்கலாம்பா" என்பது உன் வழக்கம்.

மற்ற தொட்டிகளில் மண் சுருங்கிச் சுவரை விட்டு விலகியிருந்தது. இப்போது மேலே தண்ணீர் ஊற்றினால் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். துளையில் தண்ணீர் வருகிறதே, செடி குடித்துவிட்டது என்று நீ நினைப்பாய். உள்ளே வேர்க்கட்டி காய்ந்தபடியே கிடக்கும். தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சட்டென்று ஈரம் பிடிக்காது. அதனால் தூக்கக்கூடிய தொட்டிகளை வாளித் தண்ணீரில் இறக்கி வை. குமிழி வருவது நின்றதும், அரை மணி நேரம் ஆகும், எடுத்து வடியவிடு. தூக்க முடியாததற்கு மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு ஊற்று.

அப்புறம் தினமும் காலையில் விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட்டுப் பார். ஈரம் தட்டினால் ஊற்றாதே. மணி பார்த்து ஊற்றாதே. ஆறாவது மாடியில் காற்றே பாதி ஈரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும், ஆனால் எல்லா நாளும் காற்று ஒரே மாதிரி அடிக்காது. விரல்தான் கணக்கு.

அந்த மூன்றடி அகலத்தில் நீ பதினான்கு தொட்டி வைத்தபோது எனக்கு முதலில் பயம்தான் வந்தது. 20 லிட்டர் தொட்டி ஒன்று, தண்ணீர் ஊற்றியபின் 20 கிலோவுக்குக் குறையாது. பெரியதையெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டி வை, கைப்பிடிப் பக்கம் கீரை மாதிரி லேசானதை மட்டும் வை என்றேன். கேட்டாய். நான் சொன்னதில் நீ கேட்டது அது ஒன்றுதான். கிழக்கு பார்த்த பால்கனி, பதினொரு மணிக்கு மேல் வெயில் இல்லை, தக்காளிக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், கீரை போடு, அது மூன்று நான்கு மணி நேர வெயிலிலும் வந்துவிடும் என்றேன். நீ தக்காளியே போட்டாய். காய்த்தது! அந்தப் படத்தை நான் யார் யாரிடம் காட்டினேன் என்று உனக்குத் தெரியாது. பெரியப்பாவிடம் இரண்டு முறை காட்டினேன். பூக்கொத்தைத் தினமும் காலையில் விரலால் மெதுவாகச் சுண்டிவிட்டதால்தான் அவ்வளவு காய் பிடித்தது. தக்காளிக்குத் தன் பூவிலேயே மகரந்தம் இருக்கிறது, உதிர்த்துவிட ஆள் வேண்டும். அதைச் சுண்டியது நீ இல்லை, அவள்.

சரி. தொட்டிக்கு வருகிறேன்.

போன வருடம் தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அழுகியபோது கால்சியம் இல்லை என்று எதையோ வாங்கிக் கொட்டினாய். மண்ணில் கால்சியம் இருந்தது. ஒருநாள் நிறைய ஊற்றிவிட்டு மூன்று நாள் மறந்துவிட்டால் அது காய் வரைக்கும் போய்ச் சேராது. தண்ணீரோடுதான் அதுவும் ஏறும். உனக்கு எப்போதுமே இதுதான், ஒன்று வெள்ளம், இல்லை வறட்சி. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்தாய். அப்படியும் நல்ல மதிப்பெண் வாங்கினாய், அது வேறு.

தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதே. கொசு முட்டையிட்டுப் பறந்து வர ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுவை விடு, தேங்கிய தண்ணீரில் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகும். அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும், அதைப் பார்த்துவிட்டுத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். ஆகவே விரலை விட்டுப் பார். ஊற்றுவதற்கு முன்னால் பார்.

வலது மூலையில் இருந்த பெரிய மண்தொட்டி இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது, உப்புக் கறை. பக்கத்தில் எப்போதும் இரண்டு நாற்காலி இருக்கும், ஒன்றுதான் இருந்தது. நான் எதையும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

அந்தத் தொட்டியில் இருந்த மல்லிகை செத்து ஐந்து மாதம் ஆகிறது. செத்த செடி நிற்கும் தொட்டியை, அதுவும் அவ்வளவு கனத்தை, ஆறாவது மாடியிலிருந்து யாரும் சும்மா எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

தம்பி, அந்த மல்லிகையை நான்தான் கொன்றேன்.

நாங்கள் வந்து மூன்று வாரம் இருந்தோமே, நடுவில் அவள் நான்கு நாள் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனாள். செடி புதர் மாதிரி கிடக்கிறது, வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும் என்று கத்தரியை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. மல்லிகையைப் பூத்து ஓய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். எனக்குத் தெரியாதா? வெட்டிப் போட்ட கிளைகளை அள்ளும்போதுதான் பார்த்தேன், ஒவ்வொரு நுனியிலும் ஊசிமுனை அளவு மொட்டு. திரும்பி வந்து அவள் அதைப் பார்த்தாள். "பரவாயில்லை மாமா, வளர்ந்துடும்" என்றாள். கீழே சிதறியிருந்த இலைகளை அவளே பெருக்கினாள்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். எப்படியாவது துளிர்க்க வைத்துவிட வேண்டும் என்று நான் காலையும் மாலையும் ஒரு பூவாளி நிறைய ஊற்றினேன். இலையே இல்லாத செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை. பழுப்பு. மண்ணில் ஒரு நாற்றம். தட்டில் நின்ற தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பெட்டியைக் கட்டினேன்.

அடுத்த மாதம் நீ போன் செய்தபோது, வேலை வேலை என்று இருந்து அவள் செடியைக் காயவிட்டுவிட்டாள், எதிலும் அக்கறை இல்லை என்று சொன்னாய். உன் பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அங்கேதான் இருந்திருப்பாள். அப்போது நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "செடி வளர்க்கப் பொறுமை வேண்டும்" என்றேன்.

அவளுக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். காய்ந்து செத்த வேருக்கும் அழுகிச் செத்த வேருக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை அவள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்றும் நினைக்கிறேன்.

உங்களுக்குள் வேறு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை. ஒரு செடிக்காக யாரும் கிளம்பிப் போக மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பேச்சு பொய், அதில் எனக்குப் பங்கு இருக்கிறது.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் கூப்பிட மாட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். மல்லிகையைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

மிளகாய்த் தொட்டியை இன்றைக்கே தள்ளி வை. மூன்று வாரம், மறந்துவிடாதே. தட்டில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடு.

அப்பா